நிலையைத் தொட்டுச் சொன்ன வார்த்தை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலில் வந்தது கதவு. சுவர் பிறகுதான் வந்தது.

ஆண்டு விழாவில் பேச வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அறிவொளி, தியாகம், தொண்டு என்று ஆரம்பித்து, கடைசியில் சோடா குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு அங்கேயே கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளி, அந்தப் பேச்சுகளையெல்லாம் கைதட்டிக் கேட்டவன்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் எதற்காக இருந்தது என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வரும். கதவுகூட இல்லை, அதைத் தாங்கி நின்ற நிலை.

நான் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளைக்காரச் சாமியார் காரைக்குடிக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரையில் இரண்டு கூரைக்கொட்டகை போட்டுப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே சமயம் கோட்டையூரில் ஓர் ஆச்சி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முகப்புக்கு பர்மாத் தேக்கில் நிலை செய்தாகிவிட்டது. மேல் சட்டத்தில் நடுவே லட்சுமி உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் யானைகள் அவள் தலையில் குடம் கவிழ்த்துக்கொண்டிருந்தன. தூக்கி நிறுத்தப் போகும்போது அளந்து பார்த்தால் அளவு மனையடி சாஸ்திரத்துக்குச் சேரவில்லை. ஆசாரி எங்கோ விரற்கடை பிசகியிருக்கிறார். அந்த நிலையை வீட்டுக்கு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. வெட்டி விறகாக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. சாமியாருக்குத்தான் மனையடி கிடையாதே என்று ஆச்சி அதை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சாமியார் அதைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினார். அவ்வளவு பெரிய நிலைக்குக் கூரை எட்டவில்லை. ஒரு வருஷம் வரைக்கும் நிலை தனியாக, பள்ளிக்கூடம் தனியாக நின்றதாம். அப்புறம் நிலைக்கு ஏற்ற உயரத்தில் சுவர் எழுப்பினார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த இன்னொரு சாமியார், மாதா இருக்க வேண்டிய இடத்தில் இது யார் என்று கேட்டிருக்கிறார். அவள் கதவோடு வந்தவள், கதவு இருக்கும்வரை இருப்பாள் என்று நம்மவர் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் வேதக்காரப் பையன்களுக்கென்று, அதாவது கிறிஸ்தவப் பையன்களுக்கென்று, ஆரம்பித்ததுதான். ஆனால் சுற்று வட்டாரத்தில் எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேறு இடம் இல்லை. நாச்சியாபுரத்துப் பக்கம், சாக்கோட்டைப் பக்கம் என்று விவசாயக் குடும்பங்களிலிருந்தும் பையன்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். சேர்க்க வருகிற தகப்பன்மார்களுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. பயம் ஒன்றே ஒன்றுதான். பையன் தலையில் தண்ணீர் ஊற்றி வேதத்தில் சேர்த்துவிடுவார்கள், ஊற்றிவிட்டால் அவன் நமக்கு இல்லை.

அதற்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. பையனைச் சேர்க்க வருகிற தகப்பன் உள்ளே வர மாட்டார். சாமியார் வெளியே வந்து, லட்சுமி இருக்கிற அந்த நிலையில் வலது கையை வைத்து, உம்முடைய அனுமதி இல்லாமல் உம் மகன் தலையில் தண்ணீர் விழாது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பையனின் கையை விடுவார்கள். சாமியார் இதற்குச் சிரிக்கவும் மாட்டார், சலித்துக்கொள்ளவும் மாட்டார். ஒவ்வொரு பையனுக்கும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். பல கைகள் பட்ட மரம் மாதிரி அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். பட்டது ஒரே கைதான்.

என்னைச் சேர்த்தபோது எனக்குப் பதினோரு வயது. ஊரில் கடுதாசி வந்தால் மணியகாரர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அது என் அய்யாவுக்கு ஆகவில்லை. வீட்டில் ஒருத்தனாவது வாசிக்க வேண்டும் என்று ஏழெட்டு மைல் நடத்திக் கூட்டிவந்தார். சாமியார் நிலையைத் தொட்டுச் சொன்னதை உன்னிப்பாகப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சாமியார் இன்னொரு தரம் சொன்னார். அய்யா அப்படித்தான், விதை நெல்லையே மூன்று தடவை கையில் வாங்கிப் பார்க்கிற ஆள்.

போர்டிங்கில் தங்கிப் படித்தேன். காலையில் வேதக்காரப் பையன்களுக்கு ஞான உபதேசம் நடக்கும். அந்த நேரத்தில் எங்களைத் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்கள். அந்த வரிசையெல்லாம் பின்னால் காய்த்துத் தள்ளியபோது, இதெல்லாம் இந்துத் தென்னை என்று நாங்கள் கேலி பேசுவோம்.

போர்டிங்கின் சமையற்கட்டை எல்லாரும் குசினி என்பார்கள். அங்கே சமைத்தவர் சருகணிப் பக்கத்துக்காரர், ஒண்டிக்கட்டை. கேப்பைக் கூழைக்கூட ருசியாகக் காய்ச்சத் தெரிந்த மனுஷர். அவருடைய பெண்சாதி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிறந்தது ஆண் பிள்ளை; ஒரு நாழிகை இருந்தது. தலையில் தண்ணீர் படாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்ற உபதேசியாரைக் கூப்பிட அடுத்த ஊருக்கு ஓடினார். கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், பெற்றவனே ஊற்றலாம் என்பது அவர்கள் முறை. அதை அவருக்கு அப்புறம்தான் சொன்னார்கள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருக்க நான் எதற்கு ஓடினேன் என்று அவர் ஒரு தரம் எங்களிடமே கேட்டிருக்கிறார். நாங்கள் பையன்கள், எங்களுக்கு என்ன சொல்லத் தெரியும்?

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டது. கண்மாய்கள் எல்லாம் நிரம்பி வழிந்து மறுகால் போயின. சாமியார் கிழக்கே சில கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போனவர் வெள்ளத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த வாரம்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. போர்டிங்கில் கதகதப்பான இடம் குசினி என்பதால் என் பாயை அங்கே போட்டார்கள். நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து கஷாயம் கொடுத்துவிட்டு, நாலு நாள் போக வேண்டும் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

குசினிக்காரர் என்னை எடுத்து வளர்த்த மாதிரி பார்த்தார். கஞ்சியை வடிகட்டி ஊட்டுவது, துடைத்து விடுவது, உடம்பு தூக்கிப் போட்டால் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். நாலாவது நாள் மத்தியானம் மற்றப் பையன்கள் வகுப்பில் இருந்தார்கள். எனக்கு நினைவில்லை. கை கால் சில்லிட்டு, கண் மேலே சொருகிவிட்டதாம். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, மூன்று தடவை என் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார். பெயரும் வைத்திருக்கிறார். தன் பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயர்.

அன்றைக்குச் சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. வைத்தியர் சொன்ன நாலாம் நாள் அதுதான், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியது. ஆனால் குசினிக்காரரிடம் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க முடியுமா?

இரண்டு நாள் கழித்துச் சாமியார் முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். நேராகக் குசினிக்கு வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். குசினிக்காரர் கரண்டியும் கையுமாக, முகமெல்லாம் மலர்ந்து, நடந்ததைச் சொன்னார். நான் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். என் தலையில் என்ன நடந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

சாமியார் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். கோபம் வந்தாலும் இலக்கணம் தப்பாது.

"நான் அந்த நிலையைத் தொட்டு இவன் தகப்பனுக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன். உமக்குத் தெரியாதா?"

"தெரியும் சாமி. சத்தியம் நீங்கதான பண்ணுனீக. நான் பண்ணலையே."

அவர் குதர்க்கம் பேசவில்லை. அவருக்கு அது சரியான நியாயமாகவே பட்டிருந்தது. பிறகு குரல் இறங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எம் பிள்ளை உள்ள போக முடியாம அங்குட்டு எங்கயோ நிக்கிது. இவனையும் அப்படி நிக்கவிடச் சொல்றீகளா?"

சாமியார் என் போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

பெரிய வாத்தியாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் நல்ல மனுஷர், உலகம் தெரிந்தவர். பையன் பிழைத்துவிட்டான், வெளியே யாருக்கும் தெரியாது, இதை இப்படியே விட்டுவிடலாம் என்றார். விஷயம் வெளியே போனால் விவசாய வீட்டுப் பையன்கள் ஒருத்தன்கூட மிஞ்ச மாட்டான். பாதி பெஞ்சு காலியாகிவிடும். மாசியில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் மேல் வகுப்புகளை எடுத்துவிடுவார். இத்தனை வருஷம் பட்ட பாடு வீண். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பு இல்லை.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "இவனுக்கு அறிவு வந்த வயது. இவன் கேட்காமல் ஊற்றியது எங்கள் முறைப்படியே சேராது. ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதப் போவதில்லை" என்றார். பெரிய வாத்தியார் மூச்சு விட்டார். அதற்குள் சாமியார், "ஆனால் அடுத்த தகப்பன் வந்து நிற்கும்போது நான் எந்தக் கையால் அந்த நிலையைத் தொடுவது?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் என்னை வைக்கோல் பரப்பிய வண்டியில் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். சாமியார் வண்டிக்கு முன்னால் நடந்தார். குசினிக்காரரை வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அடி விழுந்தால் தனக்கு விழட்டும் என்று அவர் பின்னாலேயே வந்தார். இடையில் இரண்டு இடத்தில் மறுகால் தண்ணீர் இடுப்பளவு போயிற்று. எனக்கு வண்டியில் படுத்திருக்க ஒரே சந்தோஷம், ஆத்தாவைப் பார்க்கப் போகிறேன் என்று. அந்த வயதில் எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஊர் மந்தையில் வண்டி நின்றதும் கூட்டம் கூடிவிட்டது. அய்யா வயலில் உடைப்பு அடைத்துக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு வந்தார். தனியாக வந்து பேசலாமே என்று அவர் கூப்பிட்டார். சாமியார் மறுத்துவிட்டார். வார்த்தை கொடுத்தது எல்லாரும் பார்க்க, அதனால் இதையும் எல்லாரும் கேட்கட்டும் என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குசினிக்காரர் என்ன நினைத்து ஊற்றினார் என்பதையும் சொன்னார். ஆனால் அவர்மேல் பழியைப் போடவில்லை.

"என் வீட்டில் நடந்தது. என் வார்த்தைதான் உடைந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எங்கள் பங்காளி ஒருவர், இவனுகளை மரத்தில் கட்டிப் போடுங்கள் என்று துள்ளினார். அய்யா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். குசினிக்காரர் மட்டும் இது எதுவும் காதில் விழாதவர்போல, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அய்யாவிடம் நீட்டினார். சுக்குப் பொடி. கஞ்சியில் எவ்வளவு போட வேண்டும், எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அய்யா அதை வாங்கிக்கொண்டார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆத்தா அழுதது கொஞ்ச நேரம்தான். அவர்கள் மூன்று செம்பு ஊற்றினால் நான் மூன்று குடம் ஊற்றுகிறேன் என்று, வேப்பிலை போட்டுத் தண்ணீரைக் காயவைத்து, காய்ச்சல் விட்ட என் தலையில் அபிஷேகமே செய்துவிட்டாள். திருநீற்றை அள்ளி அப்பி, கருப்பர் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். இத்தனை தண்ணீருக்கும் நான் பிழைத்தது பெரிய காரியம்.

பெரிய வாத்தியார் சொன்னது அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் ஊர் ஊராகச் செய்தி பரவி, தகப்பன்மார்கள் போய்ப் பையன்களைக் கூட்டிவந்துவிட்டார்கள். போர்டிங்கில் வேதக்காரப் பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். தென்னங்கன்றுகளுக்குச் சாமியாரே தண்ணீர் இறைக்கிறார் என்று வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

நான் மார்கழி முழுக்க வயல் வரப்பில் குருவி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் புத்தகம் கிடையாது, ஏர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எல்லார் மேலும் கோபம். ஊற்றிய குசினிக்காரர் மேல் இருந்ததைவிட, அதை வந்து சொன்ன சாமியார் மேல் அதிகக் கோபம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் இந்நேரம் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். யாருக்காக அந்த மனுஷர் அவ்வளவு தண்ணீரில் நடந்து வந்து என் படிப்பைக் கெடுத்தார் என்று வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அய்யா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டொரு தடவை நான் அழுவதைப் பார்த்தும் பார்க்காதவர்போலப் போனார்.

தையில் அறுப்பு முடிந்தது. ஒரு நாள் காலையில் அய்யா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு என்னைப் புறப்படச் சொன்னார். என் தம்பியையும் புறப்படச் சொன்னார். அவனுக்கு ஒன்பது வயது. ஆத்தா ஏதோ சொல்ல வந்தாள். அய்யா, "நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றார். வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். எனக்குப் பயம், சண்டை போடப் போகிறாரோ, என் பெட்டியை எடுத்துவரப் போகிறாரோ என்று.

பள்ளிக்கூட வாசலில் சத்தமே இல்லை. எங்களைக் கண்டதும் சாமியார் வெளியே வந்தார். இரண்டு மாதத்தில் ஆள் வற்றிப் போயிருந்தார். அய்யா தம்பியின் கையைப் பிடித்தபடியே அவனை முன்னால் தள்ளி, இவனையும் சேர்க்க வேண்டும் என்றார். சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பழைய வழக்கப்படி வலது கையை நிலையை நோக்கி எடுத்தார். அந்தக் கை பாதியில் நின்றது. தொடலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை.

"வேணாம் சாமி" என்றார் அய்யா. "அன்னைக்கு ரெண்டு தரம் தொட்டுச் சொன்னீக. அப்பவும் நான் முழுசா நம்பல. வெள்ளைக்காரருக்கு நம்ம லச்சுமி வெறும் மரந்தானன்னு நெனச்சேன். நீங்க அம்புட்டுத் தண்ணியில வந்து சொன்னீகள்ல, அது போதும்."

சாமியார் கையை இறக்கிக்கொண்டார்.

அய்யா உள்ளே எட்டிப் பார்த்து, குசினிக்காரர் எங்கே என்று கேட்டார். அவரைக் குசினியிலிருந்து எடுத்துத் தோட்ட வேலையில் விட்டிருப்பதாகச் சாமியார் சொன்னார். சின்னவனுக்குக் காரம் ஆகாது, அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார் அய்யா. ஆள் போய்க் கூட்டிவந்தது. குசினிக்காரர் மண்ணும் கையுமாக வந்து, தலையைக் குனிந்துகொண்டு தள்ளியே நின்றார்.

அய்யா அவரிடம், "பயகளுக்கு மேலுக்கு முடியலைன்னா எனக்கு ஆள் அனுப்புங்க. எந்த வெள்ளத்துலயும் வந்துருவேன். அதுவரைக்கும் நீங்க பக்கத்துல இருங்க" என்றார்.

குசினிக்காரர் என்னைப் பார்த்தார், என் தம்பியைப் பார்த்தார். பிறகு கைமண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே படியேறி வந்து, சாமியார் கை வைக்கிற அந்த வழவழப்பான இடத்தில் தன் கையை வைத்தார். அத்தனை நாள் அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் என்னைவிட்டுப் போனது.

"அன்னைக்கு நான் சத்தியம் பண்ணல. இப்பப் பண்றேன். இந்தப் பிள்ளைக தலையில நான் ஊத்த மாட்டேன். அங்குட்டு நிக்கிற எம் மகன் மேல ஆணை."

அய்யா தம்பியின் கையை விட்டார்.